காலி நாற்காலிக்குக் காவல்

தராசுக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள் உண்டு. மூன்றில் மனிதர்கள் உட்காரலாம். நான்காவது ஆண்டவருக்கு.

இதை யாரும் உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தராசுக்காரருக்கு உவமைகளில் நாட்டம் கிடையாது. ஆண்டவர் வந்தால் உட்காருவதற்கென்றே போட்ட நாற்காலி அது. மற்ற மூன்றும் மேசையோடு சேர்த்து மலிவாக வாங்கியவை. ஒன்றுக்குக் கால் ஆடும். இதை மட்டும் தச்சரிடம் தனியாகச் சொல்லிச் செய்தார். அகலமான இருக்கை, பிரம்புப் பின்னல், தோள்வரை தாங்கும் முதுகுச் சாய்வு. கைப்பிடி வைக்கவா என்று தச்சர் கேட்டதற்கு, "வேண்டாம், எழுந்திருக்கும்போது அவருக்கு இடைஞ்சலா இருக்கும்" என்றார். யாருக்கு என்று கேட்டார் தச்சர். தராசுக்காரர் சொன்னார். அதற்குமேல் தச்சர் அளவு எதுவும் கேட்கவில்லை.

நாற்காலிக்கு எதிரே மேசையில் ஒரு தட்டு கவிழ்ந்திருக்கும். பக்கத்தில் ஒரு தம்ளர், அதுவும் கவிழ்ந்தபடி. சனிக்கிழமை தோறும் தராசுக்காரர் நாற்காலியின் கால்களுக்கு எண்ணெய் தடவித் துடைப்பார். குனிந்து துடைப்பாரே தவிர, மறந்தும் அதன்மேல் உட்கார்ந்ததில்லை.

அவருடைய தொழில் கடைத்தராசுகளைப் பழுதுபார்ப்பது. சந்தைத் தெருவின் கோடியில், பாத்திரக்கடைக்கும் சாவி செய்பவருக்கும் நடுவே ஒரு கதவு அகலத்துக்குப் பட்டறை. உள்ளே மரப்பெட்டியில், துணி விரித்த குழிகளில், எடைக்கற்கள் பெரிதிலிருந்து சிறிதாக உட்கார்ந்திருக்கும். அவற்றை வெறுங்கையால் தொட மாட்டார். வியர்வைக்கும் எடை உண்டு. கறிக்கடைக்காரர் தராசைக் கொண்டுவந்து வைத்தால், "தராசுல ஒண்ணும் இல்ல. உங்க கட்டைவிரலைத்தான் ரிப்பேர் பண்ணணும்" என்பார். கறிக்கடைக்காரர் சிரிப்பார். சிரித்துவிட்டு, அடுத்த முறை தராசை வேறு ஆளிடம் கொடுத்தனுப்புவார்.

எந்தத் தராசு வந்தாலும் தராசுக்காரர் முதலில் செய்வது ஒன்றுதான்: தட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, முள் அடங்கும்வரை காத்திருப்பார். வெறுந்தட்டு பூஜ்யம் காட்டாவிட்டால் அதன்மேல் வைக்கும் எதுவும் நிஜமில்லை என்பது அவர் கணக்கு. அவருடைய பக்தியும் ஏறக்குறைய இந்த வகைதான். காலியாக இருப்பதும் பரிசுத்தமாக இருப்பதும் ஒன்று என்று நினைக்கிற பிழை நிறையப் படித்தவர்களுக்கும் நேர்கிறது. அவர்கள் அதைப் புத்தகமாக எழுதிவிட்டுப் போகிறார்கள். தராசுக்காரர் நாற்காலியாகச் செய்தார்.

பெற்றோர் இல்லாத பிள்ளையாக அவர் தொழில் கற்றது ஒரு முதலாளி வீட்டில். அந்த வீட்டில் அவருக்குத் தட்டு இருந்தது, இடம் இருக்கவில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் தட்டை வாங்கிக்கொண்டு பட்டறைப் படியில் உட்கார்ந்து சாப்பிடுவார். யாரும் விரட்டவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. பிறகு கல்யாணம் நடந்தது. நடத்திவைத்த பழைய போதகர், "உங்க மேசையில ஆண்டவருக்கு எப்பவும் ஒரு இடம் வைங்க" என்று ஆசி கூறினார். அவர் எல்லா ஜோடிகளுக்கும் சொல்கிற வார்த்தைதான் அது. மற்ற ஜோடிகள் ஆமென் சொல்லிவிட்டுப் போட்டோ எடுக்கப் போனார்கள். தராசுக்காரர் மறுநாள் தச்சரிடம் போனார்.

கொஞ்ச நாளில் நாற்காலி சபையில் பேர் வாங்கிவிட்டது. விருந்தோம்பல் பற்றிப் பிரசங்கம் என்றால் தராசுக்காரர் வீடு வந்துவிடும். வெளியூரிலிருந்து வருகிறவர்களை அழைத்துவந்து காட்டுவார்கள். வந்தவர்கள் மேசைக்கு முன்னால் தலை குனிந்து நிற்பார்கள், பெருமூச்சு விடுவார்கள், முன்னறை சோபாவில் தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். சாப்பிட வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். மேசையில் தராசுக்காரர், மனைவி, மகள் மூவரும் உட்கார்ந்தால் மீதி இருப்பது ஆண்டவர் இடம். ஆகவே விருந்தாளிகள் சோபாவில் மடிமேல் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள். பாடகர் குழுத் தலைவர் ஒருமுறை வெள்ளைக் கால்சட்டையில் குழம்பைக் கொட்டிக்கொண்டு, அதன் பிறகு அந்தத் தெருவிலேயே காணப்படவில்லை. இப்படி ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். விருந்தாளிக்கென்று வீட்டில் போட்ட ஒரே நாற்காலி, விருந்தாளி யாரும் வராமல் பார்த்துக்கொண்டது. பிரசங்கத்தில் மட்டும் வீட்டின் புகழ் குறையவில்லை.

தராசுக்காரரின் மனைவி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறவர். நூலை வாயில் கடித்துக்கொண்டே பேசப் பழகியதால் அவர் பேச்சு சுருக்கமாகத்தான் இருக்கும். "வராத விருந்தாளிக்கு உபசாரம் பண்றது ரொம்ப சுலபம்" என்று ஒருமுறை சொன்னார். "உப்பு கம்மின்னு சொல்லவே மாட்டார்." தராசுக்காரர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை, அல்லது கேட்டும் எடை போடவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகவே இருந்திருக்கும், மகள் ஒருநாள் ஒருவனை அழைத்து வராமல் இருந்திருந்தால்.

ரொட்டி நிறுவனத்தில் வேன் ஓட்டுகிறவன். விடிவதற்குள் ஊர் முழுக்க ரொட்டி இறக்கிவிட்டு, பகலில் தூங்கி விழுகிற கண்களோடு, நல்ல உயரமும் பருமனுமாக வந்து நின்றான். மகள் உள்ளே போய்ப் பாத்திரம் எடுக்க, அவன் வழக்கமான விருந்தாளி செய்கிற காரியத்தைச் செய்தான்: காலியாக இருந்த நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தான்.

"தம்பி, அதுல ஆள் இருக்கு" என்றார் தராசுக்காரர்.

அவன் நாற்காலியைப் பார்த்தான். சுற்றிலும் பார்த்தான். "சரிங்க, அவர் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் வருவதற்காகக் கைகட்டி நின்றான்.

பிறகு விஷயத்தை விளக்கி அவனைச் சோபாவுக்கு அனுப்பினார்கள். மகள் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்தாள். கை கழுவிவிட்டு வந்து சொன்னாள்: "அப்பா, அவருக்கு ஒரு நாற்காலி கொடுக்க உங்களால முடியலை. அது பரவாயில்ல. ஆனா அதுல யாரோ இருக்காங்கன்னு சொல்லி அவரை நிக்க வச்சீங்க பாருங்க, அது மட்டும் எனக்கு மறக்காது."

கல்யாணம் நடந்தது. தராசுக்காரர் போனார், கை குலுக்கினார், ஆசி சொன்னார். சண்டை என்று எதுவும் இல்லை. அதற்குப் பிறகு இந்த இரண்டு ஆண்டில் மகள் அம்மாவைப் பார்க்க வருவாள், வாசற்படியில் நின்று ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பாள், போய்விடுவாள். உள்ளே வந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. தண்ணீரையாவது குடிக்கிறாளே என்று அம்மா ஆறுதல் பட்டுக்கொள்வார். தராசுக்காரர் பட்டறையிலிருந்து வந்து கழுவி வைத்த தம்ளரைப் பார்த்து, இன்று வந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே சொன்னார்:

"மாப்பிள்ளையை வேற ஊருக்கு மாத்திட்டாங்களாம். ரொம்ப தூரம். அடுத்த வாரம் கிளம்புறாங்க."

தராசுக்காரர் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். எல்லாரும் ஒரே மேசையில உக்காந்தா சாப்பிடறேன்னு சொன்னா. இல்லன்னா தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பிடுவாளாம். அங்க போயிட்டா தண்ணி குடிக்கக்கூட வர முடியாதுன்னும் சொன்னா."

"ஒரே மேசையிலயா?"

"ஆமா. நாலு பேரு, நாலு நாற்காலி. கணக்கு உங்களுக்குத்தான் நல்லா வருமே."

தராசுக்காரர் அன்று சாப்பிட்டது என்னவென்று அவருக்கே தெரியாது. மகள் வேண்டும். அதில் சந்தேகமில்லை. ஆனால் கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்குவதா? அதுவும் யாரிடமிருந்து? மனிதருக்குக் கொடுத்த வாக்கென்றால் போய்ப் பேசி, காரணம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு வரலாம். இங்கே எதிர்த்தரப்பு பேசுவதே இல்லை. பேசாதவரோடு சமரசம் செய்துகொள்வது எவ்வளவு கடினம் என்பது சமயவாதிகளுக்கும் நாத்திகர்களுக்கும் ஒரே அளவில் தெரிந்த விஷயம்.

ஆகவே அவர் ஐந்தாவது நாற்காலிக்கு இடம் தேடினார். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் மண்டியிட்டார். மேசையின் ஒரு முனையில் ஜன்னல், மறு முனையில் குளிர்சாதனப் பெட்டி. ஜன்னல் பக்கம் ஆண்டவர் இடம். பட்டறையின் உயரமான முக்காலியைக் கொண்டுவந்து பெட்டிப் பக்கத்து மூலையில் வைத்துப் பார்த்தார். அதில் உட்கார்ந்தால் மேசை முழங்கால் உயரத்துக்குப் போய்விட்டது. பெட்டியின் கதவும் திறக்கவில்லை.

"சுவரை இடிக்கணும்னா சொல்லுங்க" என்றார் மனைவி கதவோரம் நின்று. "கொத்தனாரைக் கூப்பிடறேன்."

"கிண்டல் பண்ணாதே. முதல்ல நீங்க மூணு பேரும் உக்காந்து சாப்பிடுங்க. நான் பரிமாறறேன். அப்புறமா நான் சாப்பிட்டுக்கறேன்."

"அவ உங்களோட உக்காந்து சாப்பிடத்தான் வர்றா. என்னோட சாப்பிடணும்னா சமையக்கட்டுலயே நின்னு சாப்பிட்டிருப்பா."

"நான் என்ன பண்ணட்டும்? இது நான் அவருக்குக் கொடுத்த இடம்."

"நாற்காலி கொடுத்தீங்க. என்னைக்காவது, இன்னொருத்தருக்கும் சேத்து சமைன்னு என்கிட்ட சொன்னீங்களா?" மனைவி விளக்கை அணைக்கக் கையை வைத்துக்கொண்டே கேட்டார். "வருவாருன்னு நம்பி நாற்காலி போட்டிருக்கீங்க. வரமாட்டாருன்னு நம்பி தட்டைக் கவுத்து வச்சிருக்கீங்க. ரெண்டுல எது உங்க விசுவாசம்?"

விளக்கு அணைந்துவிட்டது. தராசுக்காரர் இருட்டில் அளவு நாடாவைச் சுருட்டினார்.

மறுநாள் மதியம் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போதகரைப் பார்க்கப் போனார். இப்போதிருக்கும் போதகர் வயதில் இளையவர், ஒல்லி. ஆலயத்தின் பின்னறையில் ஒலிவாங்கியின் அறுந்த கம்பியை ஒட்டிக்கொண்டிருந்தார். தராசுக்காரர் முழுவதையும் சொன்னார். போதகர் முகத்தில் முதலில் வந்தது கவலை. அவர் போன மாதம்தான் அந்த நாற்காலியை வைத்து ஒரு பிரசங்கம் செய்திருந்தார், நன்றாக எடுபட்டிருந்தது.

"அண்ணா, அந்த நாற்காலி ஒரு சாட்சி. பல பேருக்கு ஆசீர்வாதமா இருந்திருக்கு" என்றார்.

"அப்போ அது அப்படியே இருக்கட்டுமா?"

"அப்படி இல்ல. மகளோட சமாதானமா இருக்கிறதும் சாட்சிதானே. ஆண்டவர் யார் யாரோட உக்காந்து சாப்பிட்டாரு, பாருங்க. வரி வாங்குறவன், ஊரே ஒதுக்கினவன், எல்லாரோடயும்."

"அப்போ எடுத்திடட்டுமா?"

"எடுக்கிறதுன்னா... சபையில கேப்பாங்க. ரெண்டும் முக்கியம்தான் அண்ணா. ரெண்டுலயும் சமமா நில்லுங்க."

"ரெண்டு தட்டுலயும் சமமா வச்சா முள்ளு நடுவுல நிக்கும், ஐயா. நான் எங்க உக்காரறதுன்னு கேக்க வந்தேன்."

போதகர் கம்பியை ஊதினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையைச் சொல்லட்டுமா? நான் இந்தச் சபைக்கு வந்த புதுசுல உங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். சோபாவில உக்காந்து தட்டைப் புடிச்சு, தம்ளரை எங்க வைக்கிறதுன்னு தெரியாம காலுக்கு நடுவுல வச்சிருந்தேன். அங்க அந்த நாற்காலி சும்மா இருந்துது. ஆண்டவரேன்னு மனசுக்குள்ள கூப்பிட்டேன். கொஞ்சம் பொறாமையாவும் இருந்துது" என்றார்.

தராசுக்காரர் எழுந்தார். "இதை நீங்க பிரசங்கத்துல சொல்லலையே."

"எப்படிச் சொல்றது?" என்றார் போதகர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தராசுக்காரர் ஒருமுறை மேசையைச் சுற்றி வந்தார், எதையும் நகர்த்தவில்லை. சமையலறையிலிருந்து இறைச்சிக் குழம்பின் வாசனை வந்தது. தெருவில் வேன் நிற்கும் சத்தம் கேட்டது.

மகள் வாசற்படியில் நின்றாள். மருமகன் பின்னால் ஒரு பெரிய ரொட்டிப் பொட்டலத்தோடு நின்றான். "வாங்க மாப்பிள்ளை, வாம்மா" என்றார் தராசுக்காரர். மகள் தண்ணீர் கேட்கவில்லை. படியைத் தாண்டி உள்ளே வந்தாள். அதுவே பெரிய விஷயம் என்பது போல அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தார்.

மருமகன் நேராகச் சோபாவுக்குப் போய் உட்கார்ந்து, ஒரு தலையணையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டான். குத்தலுக்குச் செய்யவில்லை, இந்த வீட்டில் தன் இடம் இதுதான் என்று தெரிந்த மனிதனின் ஒழுங்கோடு செய்தான்.

"நான் இங்கயே சாப்பிடறேன் மாமா. எனக்கு இது பழக்கம். வேன்ல எப்பவும் மடிமேல வச்சுத்தான் சாப்பிடறேன்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவள் கை மேசையிலிருந்த தன் தட்டின் விளிம்புக்குப் போனது. அந்தத் தட்டு மேசையை விட்டு எழும்பினால் என்ன ஆகும் என்று தராசுக்காரருக்குத் தெரிந்தது. மடிமேல் தலையணையோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய உருவத்தைப் பார்த்தபோது அவருக்குப் பட்டறைப் படியும் ஞாபகம் வந்தது. தன்னை அந்தப் படிக்கு யாரும் அனுப்பவில்லை, தானாகவே போய் உட்கார்ந்தேன் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தார்.

"மாப்பிள்ளை, எழுந்திருங்க. இங்க வாங்க. இது என் நாற்காலி, இதுல உக்காருங்க."

"நீங்க?"

"நான் நிக்கிறேன்."

"நின்னு பரிமாறினா அது விருந்து" என்றாள் மகள். "நின்னு காவல் காத்தா அதுக்குப் பேர் வேற."

தராசுக்காரர் ஜன்னல் பக்கம் போனார். நாற்காலியின் முதுகைப் பிடித்தார். வெளியே இழுத்தார். அது தரையில் உராய்ந்த சத்தத்துக்குச் சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"அப்போ இதுல உக்காருங்க மாப்பிள்ளை."

மருமகன் எழுந்து வந்தான். நாற்காலிக்குச் சற்றுத் தள்ளியே நின்றான். "வேண்டாம் மாமா. எனக்குச் சாமி விஷயமெல்லாம் சரியாத் தெரியாது. ஆனா இதுல உக்காந்தா எனக்குச் சாப்பாடு இறங்காது."

"நீ உக்காரும்மா."

"எனக்கா? சின்ன வயசுல இதைத் தொட்டதுக்கு நீங்க பேசின பேச்சு ஞாபகம் இருக்குப்பா."

"நீயாவது உக்காரு" என்றார் மனைவியிடம்.

"எனக்கு அடுப்புப் பக்கம் இருந்தாத்தான் தோது" என்று மனைவி தன் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டார். மகளும் உட்கார்ந்தாள். மருமகனைக் கைபிடித்து இழுத்து, அப்பாவின் நாற்காலியில் உட்கார வைத்தாள். கால் ஆடும் நாற்காலி அதுதான். அவன் எடைக்கு ஆட்டம் நின்றுபோனது.

இத்தனை ஆண்டுகள் யாரும் உட்காரக்கூடாது என்று காத்த நாற்காலியில் உட்கார இப்போது ஆள் கிடைக்கவில்லை. நின்றுகொண்டிருந்தது அவர் ஒருவர்தான். காலியாக இருந்ததும் அது ஒன்றுதான். மூன்று பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தராசுக்காரர் உட்கார்ந்தார். பல் மருத்துவரின் நாற்காலியில் உட்காருகிறவர் போல, முன் விளிம்பில். பிறகு கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். நகர்ந்ததும் முகம் மாறியது. விறைப்பாக இருக்க வேண்டிய பிரம்புப் பின்னல் நடுவில் குழிந்திருந்தது. எண்ணெய் போடும்போது காலைத்தான் பார்ப்பார்; இருக்கையை அவர் உற்றுப் பார்த்ததேயில்லை. எடை ஏறாத தட்டு இப்படித் தாழாது என்பது அவருக்குத் தெரியாத விஷயமில்லை.

"இதுல யாரோ உக்காந்திருக்காங்க" என்றார்.

மருமகன் எடுத்த தம்ளரைத் திரும்பக் கீழே வைத்தான்.

"நான்தான்" என்றார் மனைவி, குழம்புப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே. "காய் நறுக்க வெளிச்சம் அங்கதான் வருது. பொத்தான் தைக்கவும் அங்கதான். பகல்ல நான் எங்க உக்காந்திருப்பேன்னு நினைச்சீங்க?"

"ஆண்டவர் நாற்காலியிலயா?"

"அவர் எழுந்திருன்னு சொல்லலையே."

மகளுக்குச் சிரிப்பு வந்தது, வாயை மூடிக்கொண்டாள். தராசுக்காரர் கோபப்பட வேண்டுமா என்று யோசித்தார். யோசிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் கோபம் வந்து திரும்பிப் போய்விட்டது. அந்தக் கவிழ்ந்த தட்டை மனைவி எட்டி நிமிர்த்தி வைத்து, அதில் பரிமாறினார்.

"ஜெபம் பண்ணுங்கப்பா. ஆறிடும்" என்றாள் மகள். தன் தட்டில் விழுந்ததை அவள் இன்னும் தொடவில்லை.

தராசுக்காரர் கண்ணை மூடினார். சாப்பாட்டுக்கு முன் அவர் செய்வது ஒரே ஜெபம், எப்போதும் ஒரே வார்த்தைகள். "ஆண்டவரே, நீர் தந்த இந்த ஆகாரத்துக்காக நன்றி செலுத்துகிறோம்" என்று தொடங்கியது வழக்கம்போல ஓடியது. "எங்கள் மேசைக்கு நீர் வந்து..." என்று சொல்லி நின்றார். அடுத்த வார்த்தை 'அமரும்'. அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான், தான் உட்கார்ந்திருப்பது எங்கே என்று உறைத்தது. எங்கே அமரச் சொல்வது? ஒருவர் இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு, வாருங்கள் அமருங்கள் என்று அவரையே அழைப்பது எந்த ஊர் உபசாரம்? மருமகன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

"எங்கள் மேசைக்கு நீர் வந்து..." என்றார் மறுபடியும்.

வாசல் மணி அடித்தது.

யாரும் அசையவில்லை. தராசுக்காரரின் முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது. நாற்காலியின் முன் விளிம்புக்கு நகர்ந்தார். மருமகன் மெதுவாக மகளின் காதோரம், "நிஜமாவே வருவாரா?" என்று கேட்டான்.

மகள்தான் போய்க் கதவைத் திறந்தாள். போதகர் குடையோடு நின்றிருந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

"இந்தப் பக்கமா வந்தேன். சும்மா, எப்படி இருக்கீங்கன்னு பாத்துட்டுப் போகலாம்னு."

"நீங்க இந்தப் பக்கம் வந்து நாலு வருஷம் ஆச்சு, ஐயா" என்றார் தராசுக்காரரின் மனைவி. "சாப்பிட்டீங்களா?"

"இல்ல. அதுக்காக வரலை" என்ற போதகரின் பார்வை ஜன்னல் பக்கம் போய், நாற்காலியில் தராசுக்காரரைக் கண்டு, அப்படியே நின்றுவிட்டது. போன மாதத்துப் பிரசங்கம் அவர் கண்முன்னே சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

தராசுக்காரர் எழுந்துகொண்டார். "உக்காருங்க ஐயா, இதுல."

"ஐயோ, அதுல வேண்டாம் அண்ணா. நான் சோபாவில..."

"சோபாவில யாரும் சாப்பிடக் கூடாதுன்னு இன்னைக்குச் சட்டம்" என்றாள் மகள். "என் வீட்டுக்காரரையே எழுப்பிட்டோம்."

போதகர் நின்றார். போதகர் நிற்கிறார் என்று தராசுக்காரர் நின்றார். மாமனார் நிற்கிறார் என்று மருமகனும் எழுந்தான்.

"எல்லாரும் நிக்கிறதுன்னா நாற்காலி எதுக்கு மாமா?" என்று உண்மையாகவே கேட்டான். "குழம்பு ஏடு கட்டுது."

தராசுக்காரர் போதகரைப் பார்த்தார், ஒல்லியான மனிதர். நாற்காலியைப் பார்த்தார்; அகலமானது, கைப்பிடி கிடையாது. மகளைப் பார்த்தார். அவள் திரும்ப வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, இந்த மனிதர் இப்போது என்ன செய்வார் என்று காத்திருந்தாள். கோபம் இல்லாதபோது அவள் அப்படித்தான் காத்திருப்பாள், சிறு வயதிலிருந்தே.

அவர் உட்கார்ந்தார். மகள் பக்கமாக ஒதுங்கினார். பக்கத்தில் மீந்த பாதி இருக்கையை உள்ளங்கையால் தட்டினார்.

"வாங்க ஐயா. ரெண்டு பேர் உக்காரலாம்."

"அண்ணா, சபையில யாராவது கேட்டா..."

"இடிச்சுக்கிட்டு உக்காந்தோம்னு சொல்லுங்க."

போதகர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, மீந்த பாதியில் தன்னைப் பொருத்திக்கொண்டார். பிரம்பு கிரீச்சிட்டது. மனைவி இன்னொரு தட்டை எடுத்துவந்து இரண்டு தட்டுகளையும் நெருக்கி வைத்தார். ஜெபத்தை யாராவது முடிக்க வேண்டுமே என்பது போல எல்லோரும் ஒரு நொடி தலை குனிந்தார்கள். தராசுக்காரர் வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. போதகருக்கும் வரவில்லை, தொழிலே அதுவாக இருந்தும்.

"ஆமென்" என்றார் மனைவி, பசித்தவர்களின் பொறுமையின் அளவு அறிந்தவராக.

தராசுக்காரர் ரொட்டியைப் பிய்த்தார். ஒரு பக்கம் மகள், மறுபக்கம் போதகர். பிய்க்கும்போது கை விரிய இடமில்லை. முழங்கை மகளின் தோளில் போய் முட்டியது. அவள் முதல் வாய் எடுத்து வைத்திருந்தாள், மெல்லத் தொடங்கியிருந்தாள்.

"அப்பா," என்றாள் வாயில் சாப்பாட்டோடு, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இடிக்காம சாப்பிடுங்களேன்."